நைட் ஷிஃப்ட், தூக்கம், மருந்துப் பிழை: ஒரு தேடலுக்குச் சொல் திரட்டிய பதிவு

கேள்வி இப்படி வந்தது: 'இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் சரியாகத் தூங்காததால் மருந்து கொடுப்பதில் தவறு கூடுகிறதா?' முதுகலை நர்சிங் படிக்கும் மாணவி ஒருவரின் ஆய்வுத் தலைப்பு. இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டுவது அவர் வேலை. அதற்குத் தேடல் சொற்களை அமைத்துக் கொடுப்பது நூலகத்தின் ஆய்வு உதவி மேசையில் இருக்கும் என் வேலை. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தொடங்கி, சினால் என்ற நர்சிங் கட்டுரைத் தளத்தில் முடித்தோம். செய்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். தரவுத்தளங்கள் இரண்டும் ஆங்கிலத்தில் இயங்குவதால் தேடல் சொற்களும் ஆங்கிலம்தான். படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

அவர் ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். 'எஃபெக்ட் ஆஃப் நைட் ஷிஃப்ட் இண்டியூஸ்ட் ஸ்லீப் டெப்ரிவேஷன் ஆன் மெடிகேஷன் மிஸ்டேக்ஸ் பை நர்சஸ்' என்று முழுத் தலைப்பையும் அப்படியே பெட்டியில் போட்டிருந்தார். கிடைத்தவற்றை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். "இந்தத் தலைப்புல யாருமே எழுதலை போல சார், அப்ப புதுசுதானே?" என்று சற்று சந்தோஷமாகவே கேட்டார். மூன்றரைக் கோடிக் கட்டுரைப் பதிவுகளுக்கு மேல் வைத்திருக்கும் ஒரு தளத்தில், செவிலியர் பிழை பற்றி யாரும் எழுதவில்லை என்று முடிவுகட்ட அது போதாது.

பப்மெட், நாம் தட்டும் சொற்களுக்கு நடுவே தானாகவே 'ஆண்ட்' போட்டுக்கொள்ளும். 'எஃபெக்ட்', 'இண்டியூஸ்ட்', 'மிஸ்டேக்ஸ்' எல்லாமே ஒரே பதிவில் இருந்தாக வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதே விஷயத்தை 'அசோசியேஷன்' என்று எழுதியவரின் கட்டுரை வெளியே போய்விடும். அதனால் முதல் வேலையாக எஃபெக்ட், இம்பாக்ட், ரிலேஷன்ஷிப், ரோல், ஸ்டடி ஆகிய எல்லாவற்றையும் அடித்து நீக்கினோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவைச் சொல்லும் சொற்கள் ஆய்வுக் கேள்வியில் இருக்கலாம், தேடல் பெட்டியில் வேண்டாம். உறவு இருக்கிறதா இல்லையா என்பதைக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிஞ்சியவை நான்கு கருத்துகள்: செவிலியர், இரவுப் பணி, தூக்கக் குறைவு, மருந்துப் பிழை. நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் 'ஆர்' (இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), கட்டங்களுக்கு நடுவே 'ஆண்ட்' என்பதுதான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருவது. அவரும் அதைப் படித்திருந்தார், நான்கு கட்டமும் வரைந்துவிட்டார். இந்த இடத்தில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தோம்.

ஒவ்வொரு 'ஆண்ட்' சேர்க்கும்போதும் ஒரு நிபந்தனை கூடுகிறது. கட்டுரை ஆசிரியர் அந்தக் கருத்தைத் தலைப்பிலோ சுருக்கத்திலோ சொல்லியிருந்தால்தான் அது மாட்டும். இரவுப் பணி பற்றி எழுதுகிறவர் எல்லோரும் சுருக்கத்தில் 'ஸ்லீப்' என்று எழுதுவதில்லை. தூக்கம் பற்றி எழுதுகிறவர் ஷிஃப்டைக் கட்டுரையின் நடுவில் எங்கோ சொல்லியிருப்பார். பப்மெட் முழுக் கட்டுரைக்குள் போய்த் தேடாது. அதனால் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களை ஒன்றாக்கி நடுவில் 'ஆர்' போட்டோம். 'இரவுப் பணி அல்லது தூக்கக் குறைவு' என்று ஒரே கட்டம். மாணவிக்கு இது உறுத்தியது. "என் தலைப்பே மாறிடுதே சார்" என்றார். தலைப்பு மாறவில்லை, வலைதான் அகலமாகியிருக்கிறது; இரண்டும் சேர்ந்து வரும் கட்டுரைகள் இதற்குள்ளேயே இருக்கின்றன. தேவையில்லாமல் உள்ளே வந்ததைக் கையால் தள்ளிவிடலாம். உள்ளேயே வராததை எதைக் கொண்டு தள்ளுவது?

அடைப்புக்குறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பப்மெட் இடமிருந்து வலமாகத்தான் கணக்குப் போடும். 'நர்சஸ் ஆண்ட் ஃபெட்டீக் ஆர் ஸ்லீப்' என்று அடைப்புக்குறி இல்லாமல் போட்டால், செவிலியர் களைப்புக் கட்டுரைகளோடு உலகத்தில் தூக்கம் பற்றி எழுதப்பட்ட அத்தனையும் வந்து கொட்டும். 'ஆர்' போட்ட கட்டத்துக்கெல்லாம் அடைப்புக்குறி கட்டாயம். ஆண்ட், ஆர், 'இது வரக் கூடாது' என்று சொல்லும் நாட் மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுவதும் கட்டாயம்.

அடுத்தது கட்டங்களை நிரப்புவது. தலையைச் சொறிந்துகொண்டு இணைச்சொல் யோசிப்பது எனக்கு உடன்பாடில்லாத முறை. நமக்குத் தோன்றும் சொல் நம் சொல்; கட்டுரையில் இருப்பது எழுதியவர் சொல். இதற்கு 1985இல் வெளிவந்த பிளேர், மேரன் இருவரின் ஆய்வை எல்லோரிடமும் சொல்லுவேன். ஒரு பெரிய வழக்குக்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், மூன்றரை லட்சம் பக்கங்கள், கணினியில் முழு உரையாக ஏற்றப்பட்டிருந்தன. தேடியவர்கள் வழக்கறிஞர்கள். வேண்டியதில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துவிட்டோம் என்று நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது சராசரியாக 20 சதவீதம்தான் கிடைத்திருந்தது. அவர்கள் தேடிய சொல் 'ஆக்சிடென்ட்'. ஆவணங்களை எழுதியவர்களில் பலர், குறிப்பாகப் பழி வரக்கூடிய பக்கத்தில் இருந்தவர்கள், அதை 'ஈவென்ட்', 'இன்சிடென்ட்', 'சிச்சுவேஷன்', 'பிராப்ளம்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். சிலர் பெயரே சொல்லாமல், போன கடிதத்தில் பேசிய விஷயம் என்று முடித்துக்கொண்டார்கள்.

மருந்துப் பிழையும் அதே ஜாதிதான். தவறு நடந்ததை யாரும் நேராக எழுதுவதில்லை. 'மிஸ்டேக்' என்பது பேச்சில் வரும் சொல்; ஆய்வுக் கட்டுரைகளில் 'எரர்', 'இன்சிடென்ட்', 'அட்வர்ஸ் ஈவென்ட்', நூலிழையில் தப்பியதற்கு 'நியர் மிஸ்', எல்லாவற்றையும் போர்த்தி மூட 'பேஷன்ட் சேஃப்டி'.

ஆகவே சொல் திரட்ட ஒரு நல்ல கட்டுரையைப் பிடித்து அதன் பதிவைப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. மாணவியின் வழிகாட்டி அவருக்குக் கட்டாயம் படிக்கச் சொல்லியிருந்த கட்டுரை ஒன்று இருந்தது: ஆன் ரோஜர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் எழுதியது. 393 மருத்துவமனைச் செவிலியர்கள் தங்கள் வேலை நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவந்ததை வைத்துச் செய்த ஆய்வு. பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஷிஃப்டிலும், ஓவர்டைம் பார்க்கும்போதும், வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தைத் தாண்டும்போதும் பிழைக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது முடிவு. இந்தத் துறையில் இதைத் தவறவிட்டுவிட்டு ஒரு ஆய்வு அறிக்கை எழுத முடியாது.

அதன் தலைப்பைப் பாருங்கள்: 'த வொர்க்கிங் அவர்ஸ் ஆஃப் ஹாஸ்பிட்டல் ஸ்டாஃப் நர்சஸ் அண்ட் பேஷன்ட் சேஃப்டி.' நைட் இல்லை, ஸ்லீப் இல்லை, மெடிகேஷன் இல்லை, எரர்கூட இல்லை. சுருக்கத்துக்குள் போனால் 'எக்ஸ்டெண்டட் வொர்க் ஷிஃப்ட்ஸ்', 'ஓவர்டைம்', 'மேக்கிங் அன் எரர்' என்று வருகிறது. மாணவி வரைந்த நான்கு கட்டத்தில் மூன்று கட்டம் இதன் மேல் விழவே விழாது. அவருடைய முதல் தேடலில் இந்தக் கட்டுரை வராமல் போனதற்குக் காரணம் அப்போதுதான் அவருக்கே விளங்கியது.

இதையே சோதனைக் கட்டுரையாக வைத்துக்கொண்டோம். எந்தத் தேடல் வரியை எழுதினாலும் கடைசியில் 'ஆண்ட்' போட்டு இதன் பப்மெட் எண்ணைச் சேர்த்து ஓட்டுவது. வந்தால் வரி சரி. வராவிட்டால் எந்தக் கட்டம் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. ஒரே கட்டுரையை நம்பக் கூடாது என்பதால் வழிகாட்டியிடம் கேட்டு இன்னும் சில கட்டுரைகளையும் இதே பட்டியலில் சேர்த்தோம்.

இப்படி ஒவ்வொரு பதிவாகத் திறந்து தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் தந்த கீவேர்ட், கீழே வரும் மெஷ் தலைப்புகள் ஆகிய நான்கு இடத்திலிருந்தும் சொற்களை நோட்பேடில் ஒட்டிக்கொண்டே வந்தார். நோட்பேடில் எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேர்ட் கோப்பு மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். வளைந்த குறியைச் சில தளங்கள் மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது.

மெஷ் பற்றித் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960இலிருந்து பராமரித்துவரும் தலைப்புச் சொல் பட்டியல் அது. ஏறத்தாழ 30,000 தலைப்புகள், மரம்போலக் கிளைவிட்டு அடுக்கப்பட்டவை. கட்டுரை ஆசிரியர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதினாலும் பதிவில் 'மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற தலைப்புதான் ஏறும். 'கேன்சர்' என்று எழுதினால் 'நியோபிளாசம்ஸ்'. எழுதியவர் எந்தச் சொல்லைப் புழங்கினாலும் ஒரே இடத்தில் வந்து சேரும் வசதி இது. மேல் தலைப்பைக் கொடுத்தால் அதன் கீழ்க்கிளைகளையும் பப்மெட் தானே சேர்த்துக்கொள்ளும். 'மெடிக்கல் எரர்ஸ்' கொடுத்தால் 'மெடிகேஷன் எரர்ஸ்' மட்டுமல்லாமல் 'டயக்னாஸ்டிக் எரர்ஸ்' கட்டுரைகளும் வரும். எங்களுக்கு நோயறிதல் பிழை வேண்டாம் என்பதால் 'மெடிகேஷன் எரர்ஸ்' கிளையோடு நின்றுகொண்டோம்.

இரவுப் பணிக்கு மெஷ்ஷில் போனால் 'ஷிஃப்ட் வொர்க் ஷெட்யூல்' கிடைத்தது. இதோடு திருப்திப்பட்டுவிட்டால் பழைய கட்டுரைகள் போய்விடும், ஏனென்றால் அது பின்னாளில் பட்டியலில் ஏறிய தலைப்பு. அதற்கு முன்னால் வந்தவை 'வொர்க் ஷெட்யூல் டாலரன்ஸ்' என்ற தலைப்பின் கீழோ, 'பெர்சனெல் ஸ்டாஃபிங் அண்ட் ஷெட்யூலிங்' கீழோ கிடக்கும். ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் அது எந்த ஆண்டு சேர்ந்தது என்று போட்டிருப்பார்கள். அந்த வரியைப் பார்க்காமல் மெஷ் தலைப்பை எடுத்துப் போடாதீர்கள். மூன்றையும் 'ஆர்' போட்டுச் சேர்த்தோம்.

மெஷ் மட்டும் போதுமா என்றால், போதாது. புதிதாக ஏறும் பதிவுகள் சிலவற்றுக்கு மெஷ் தலைப்பு உடனே விழுந்திருக்காது. மெட்லைன் (மெஷ் தலைப்பு இடப்படும் இதழ்களின் தொகுப்பு) இதழ் அல்லாத பதிவுகள் சிலவற்றுக்கு விழவே விழாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் மெஷ் தலைப்பு பாதி, தலைப்பு-சுருக்கத்தில் தேடும் சாதாரணச் சொல் பாதி.

நட்சத்திரக் குறிக்கு வருவோம். 'நர்ஸ்' என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்தோடு நட்சத்திரம் போட்டால் நர்ஸ், நர்சஸ், நர்சிங் மூன்றும் ஒரே அடியில் கிடைக்கும் என்று மாணவி போட்டார். கிடைத்தது. கூடவே 'நர்சரி' வந்தது, 'நர்சிங் ஹோம்' வந்தது, தாய்ப்பால் ஊட்டுவதை 'நர்சிங்' என்று எழுதிய கட்டுரைகளும் வந்தன. இதில் நர்சிங் ஹோம் கட்டுரைகளில் நமக்கு வேண்டியவையும் இருக்கும். மற்றவை மருந்துப் பிழைக் கட்டத்தோடு 'ஆண்ட்' போட்டதும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும் என்பதால் இதை அப்படியே விட்டோம். 'மெடிக்' என்று வெட்டி நட்சத்திரம் போடுவதை மட்டும் தடுத்தேன். மெடிசின், மெடிக்கல், மெடிகேர் என்று மருத்துவ உலகமே உள்ளே வரும்.

நட்சத்திரம் போட்டாலும் மேற்கோள் குறி போட்டாலும், அந்தச் சொல்லுக்குப் பப்மெட் தானாகச் செய்யும் இணைச்சொல் தேடல் நின்றுபோகும். பலருக்கு இது தெரிவதில்லை. அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில் ஹிஸ்டரி பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டீடெயில்ஸ் என்ற அம்புக்குறி. அதை அழுத்தினால் நாம் கொடுத்ததைப் பப்மெட் என்னவாகப் புரிந்துகொண்டது என்று முழுதாகக் காட்டும். 'நர்சஸ்' என்று சும்மா தட்டினால் மெஷ் தலைப்பும் சேர்ந்து விரிவதையும், மேற்கோளுக்குள் போட்டால் வெறும் சொல்லாகச் சுருங்குவதையும் அடுத்தடுத்த வரியில் வைத்துக் காட்டினேன். எந்தத் தேடலுக்குப் பின்னும் அந்த அம்புக்குறியை அழுத்துவது அதன் பிறகு அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

தேவையில்லாத கட்டுரைகளைக் கொண்டுவந்து சத்தம் அதிகம் கிளப்பியவை 'ஷிஃப்ட்', 'ஃபெட்டீக்' இரண்டும்தான். 'ஷிஃப்ட்' தனியாக நின்றால் தூக்க ஆய்வில் 'ஃபேஸ் ஷிஃப்ட்' வந்து குவிகிறது. எலிகளின் உடற்கடிகாரம் முன்னே பின்னே நகர்வதைப் பற்றிய கட்டுரைகள். எனவே தனியாக நிற்க விடாமல் 'நைட் ஷிஃப்ட்', 'ஷிஃப்ட் வொர்க்', 'ரொட்டேட்டிங் ஷிஃப்ட்', 'எக்ஸ்டெண்டட் ஷிஃப்ட்' என்று சொற்றொடராக்கினோம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை எண்ணால், எழுத்தால், 'அவர்' என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி என மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள், மூன்றையும் போட்டோம்.

'ஃபெட்டீக்' இன்னும் தந்திரமானது. நர்சிங் கட்டுரைகளில் 'அலாரம் ஃபெட்டீக்' என்று ஒன்று உண்டு. ஓயாமல் அடிக்கும் கருவி மணிகளுக்குக் காது மரத்துப்போவது. 'கம்பேஷன் ஃபெட்டீக்' என்று இன்னொன்று, பிறர் துயரத்தைச் சுமந்து சுமந்து மனம் வற்றிப்போவது. நோயாளியின் புற்றுநோய்க் களைப்பு வேறு. இவற்றை 'நாட்' போட்டுத் தூக்கிவிடலாமே என்றார் மாணவி. கூடாது. இரவுப் பணிக் களைப்பை அளந்துவிட்டு அதே சுருக்கத்தில் கம்பேஷன் ஃபெட்டீக்கையும் குறிப்பிடும் கட்டுரை 'நாட்' போட்டதும் சத்தமில்லாமல் மறைந்துவிடும், மறைந்தது நமக்குத் தெரியவும் தெரியாது. தலைப்பைப் பார்த்துக் கையால் கழிப்பதே மேல் என்று விட்டுவிட்டோம்.

'நாட்' வேறொரு வேலைக்கு அருமையாக உதவும். புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்கிறோம், அந்தச் சொல் என்ன கொண்டுவந்தது என்று எப்படித் தெரியும்? ஹிஸ்டரியில் பழைய தேடல் ஒரு எண், சொல் சேர்த்த புதிய தேடல் ஒரு எண். புதியது 'நாட்' பழையது என்று ஓட்டினால், அந்த ஒரு சொல்லால் மட்டும் வந்தவை தனியே நிற்கும். முதல் பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தாலே போதும். 'ஓவர்டைம்' நல்ல சரக்கோடு வந்தது, தங்கிவிட்டது. 'ட்ரௌசினஸ்' கொண்டுவந்தவை மருந்தின் பக்கவிளைவாக நோயாளிக்கு வரும் தூக்கக் கலக்கம் பற்றியவை, வெளியே போனது. தனித்தனியாக 'ட்ரக்', 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்று ஆண்ட் போட்டபோது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பெயர் வரும் கட்டுரையெல்லாம் வந்தது, அந்த அமைப்பின் பெயரிலேயே இரண்டு சொல்லும் இருக்கின்றனவே. 'ட்ரக் அட்மினிஸ்ட்ரேஷன் எரர்' என்று சொற்றொடராக்கியதும் அடங்கியது. 'பேஷன்ட் சேஃப்டி' மிகவும் அகலமாகத் திறந்தது. அதைத் தலைப்பில் மட்டும் தேடும்படி கட்டுப்படுத்தினோம்.

பிழைக் கட்டத்தில் ஒரு சிக்கல் மிச்சம். 'மெடிகேஷன் எரர்' என்ற சொற்றொடர் மட்டும் என்றால் ரோஜர்ஸ் கட்டுரை விழாது. அதில் வெறும் 'எரர்'தான். வெறும் 'எரர்' என்றால் புள்ளியியல் 'ஸ்டாண்டர்டு எரர்' தொடங்கி எல்லாம் வரும். அருகமைத் தேடல் இதற்குக் கைகொடுத்தது. இரண்டு சொற்களுக்கு நடுவே அதிகபட்சம் இத்தனை சொல் இருக்கலாம் என்று சொல்லும் வசதி. பப்மெட்டுக்கு 2022 கடைசியில்தான் வந்தது. 'நர்சஸ்', 'எரர்' இரண்டும் பத்துச் சொல்லுக்குள் என்று ஒரு வரி எழுதினோம். இதில் நட்சத்திரக் குறி வேலை செய்யாது. ஒருமை, பன்மை ஒவ்வொன்றையும் தனித்தனி ஜோடியாக எழுத வேண்டும். எரிச்சலான தட்டச்சு வேலை. அதற்கும் ரோஜர்ஸ் மாட்டவில்லை, செவிலியர் என்ற சொல்லும் பிழை என்ற சொல்லும் சுருக்கத்தில் தள்ளித் தள்ளி இருந்தன. 'மேக்கிங் அன் எரர்' என்ற சொற்றொடரைச் சேர்த்து, ஜோடியை 'ரிஸ்க்', 'எரர்' என்று மாற்றிய பிறகு வந்தது. சோதனைக் கட்டுரை என்று ஒன்று கையில் இல்லாவிட்டால் இந்த ஓட்டையை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

பப்மெட் வரி முடிந்ததும் சினால். அதே வரியை ஒட்டினால் ஓடாது. சினாலுக்குத் தனித் தலைப்புப் பட்டியல் உண்டு; மெஷ்ஷின் நீளமான 'ஷிஃப்ட் வொர்க் ஷெட்யூல்' அங்கே 'ஷிஃப்ட்வொர்க்' என்று ஒரே சொல்லாக இருக்கிறது. சினால் இயங்கும் எப்ஸ்கோ தளத்தில் அருகமைத் தேடலுக்கு ஆங்கில எழுத்து 'என்' போட்டுப் பக்கத்தில் எண் போட வேண்டும். அங்கே நட்சத்திரமும் சேர்ந்தே வேலை செய்யும் என்பதால் பப்மெட்டில் பத்து வரியாக நீண்டது இங்கே ஒரே வரியில் அடங்கியது. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ் என்று வேறு தரவுத்தளங்களுக்குப் போனால் இந்தக் குறிகள் மறுபடி மாறும், சொற்கள் மாறாது. நோட்பேடில் குறிகள் இல்லாத வெறும் சொல் பட்டியலைக் கட்டம் கட்டமாகத் தனியே வைத்துக்கொண்டால், எந்தத் தளத்துக்கும் குறியை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

கடைசியில் ஆவணம். தளத்தின் பெயர், தேடிய தேதி, ஓட்டிய வரி எழுத்து மாறாமல், வந்த எண்ணிக்கை, வைத்த வடிகட்டி. தேடல் விவரங்களை அறிக்கையில் எழுதுவதற்கென்றே பிரிஸ்மா-எஸ் என்ற 16 அம்சப் பட்டியல் 2021இல் வந்திருக்கிறது. அதை வைத்து நிரப்பினார். சேர்த்துப் பார்த்துத் தள்ளிய சொற்களையும் எழுதச் சொன்னேன். 'ட்ரௌசினஸ்' ஏன் இல்லை என்று தேர்வாளர் கேட்டால் பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

ஆய்வு முடிய இன்னும் மாதங்கள் இருப்பதால் பப்மெட் கணக்கில் அந்த வரியைச் சேமித்து வாராந்தர அலர்ட்டும் வைத்துக் கொடுத்தேன். அலர்ட்டுக்கு மெஷ் பாதியை மட்டும் கொடுக்காமல் முழு வரியையும் கொடுக்க வேண்டும். புதுப் பதிவு சில சமயம் மெஷ் தலைப்பு விழாமலே உள்ளே வருவதால் அதைச் சாதாரணச் சொல்லால்தான் பிடிக்க முடியும்.